சமகாலக் கலைக்கூடம் மாலையிலும் திறக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் சமகாலக் கலைக்கூடத்தை, மாதத்தில் ஒரு மாலையாவது வழக்கமான பார்வை நேரம் முடிந்த பிறகு திறந்துவைக்க வேண்டும். வருகிறவர்களைச் சிறு குழுக்களாக அழைத்துச் சென்று, தமிழில் எடுத்துச் சொல்ல ஒருவரை உடன் அனுப்ப வேண்டும். இந்தக் கோரிக்கையைத் தங்கள் நாளிதழ் வழியாக அருங்காட்சியகங்கள் துறையின் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன். வடசென்னையின் அரசுப் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். என்னிடம் படித்த பிள்ளைகளின் தாய் தந்தையரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

1851ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்த அருங்காட்சியகம், நாட்டின் மிகப் பழமையான அருங்காட்சியகங்களுள் ஒன்று. அமராவதிச் சுண்ணாம்புக்கல் சிற்பங்களும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் ரவிவர்மாவின் எண்ணெய் வண்ண ஓவியங்களும் இங்கே இருக்கின்றன. ஆனால் காலை 9.30 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடப்படுகிற, வெள்ளிக்கிழமை விடுமுறை விடப்படுகிற ஓர் இடத்திற்கு யாரால் வர முடியும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பள்ளிகளிலிருந்து பேருந்தில் அழைத்து வரப்படும் மாணவர்கள் வருகிறார்கள். வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். இந்த நகரத்தில் உழைத்துப் பிழைக்கிறவர்கள், அதாவது கடைகளில் நிற்கிறவர்கள், தையல் கூடங்களில் உட்கார்ந்திருக்கிறவர்கள், துறைமுகத்தில் சுமை ஏற்றுகிறவர்கள், மருத்துவமனைகளில் முறை மாற்றிப் பணி செய்கிறவர்கள் ஆகியோருக்கு மாலை 6 மணிக்கு முன்னால் தமக்கென்று ஒரு பொழுது வாய்ப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அன்று வாரம் முழுவதும் தேங்கிய துணியும் வீட்டு வேலையும் உறவினர் வீட்டு விசேஷங்களும் காத்திருக்கின்றன. அவற்றைத் தள்ளி வைத்துவிட்டுக் குடும்பத்தோடு வருகிறவர்களும் திமிங்கில எலும்புக்கூட்டையும் செப்புத் திருமேனிகளையும் பார்த்துவிட்டு, பிள்ளைகளின் கால்வலியோடு புல்வெளியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். நம் தாத்தா பாட்டிகள் 'செத்த காலேஜ்' என்று அழைத்து, காணும் பொங்கலன்று கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்த இடமல்லவா இது? அந்தப் பழக்கத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கூட்டத்திலும் களைப்பிலும் சமகாலக் கலைக்கூடத்தின் படியேறி உருவம் எதுவும் தெளிவாகத் தெரியாத ஓர் அரூப ஓவியத்தின் முன்னால் நிற்பதற்கு யாருக்கும் நேரமோ மனமோ இருக்காது. பழங்காலச் சிற்பத்திற்கு முன்னால் நிற்கிறவருக்குக் கும்பிடவாவது தெரியும். ரவிவர்மாவின் ஓவியத்தில் சேலையின் சரிகையை வியக்கத் தெரியும். சமகாலக் கலை அப்படி எந்தப் பிடியையும் முதல் பார்வையில் கொடுப்பதில்லை. அதற்குப் பொறுமையான பொழுதும், பக்கத்தில் பேச ஒரு மனிதரும் வேண்டும்.

மாலையில் திறப்பது என்பது அருங்காட்சியகம் இருக்கும் பாந்தியன் சாலை வளாகத்திற்குப் புதிதும் அல்ல. 1896ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கன்னிமாரா பொது நூலகம் அதே வளாகத்தில், அருங்காட்சியகத்தின் கதவுகள் சாத்தப்பட்ட பிறகும் திறந்திருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் மாலையிலும் அங்கே அமர்ந்திருப்பதைக் காணலாம். நூற்றாண்டு கடந்த அருங்காட்சியக அரங்கில் எத்தனையோ மாலைகளில் நாடகங்கள் நடந்திருக்கின்றன, பார்வையாளர்கள் இரவில் வீடு திரும்பியிருக்கிறார்கள். ஆகவே வெளிச்சம், காவல், கழிப்பறை, வாகனம் நிறுத்தும் இடம் ஆகியவற்றையெல்லாம் புதிதாக ஏற்படுத்த வேண்டும் என்ற வாதம் இங்கே எடுபடாது. எழும்பூர் ரயில் நிலையமும் மெட்ரோ நிலையமும் அருகிலேயே இருப்பதால், இரவு 8 மணிக்கு நிகழ்ச்சி முடிந்தாலும் பெண்கள் தனியாக வீடு திரும்ப வண்டி கிடைக்கும்.

மக்களுக்கு நவீனக் கலையில் நாட்டமில்லை என்று சொல்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். சென்னையில் ஆட்டோ ஓட்டுபவரிடமும் பூ விற்பவரிடமும் கேட்டால்கூட உழைப்பாளர் சிலை இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுவார்கள். பெரும் பாறையொன்றை நெம்பிப் புரட்ட முயலும் நான்கு மனிதர்களின் அந்தச் சிற்பத்தைச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னைக் கலைப் பள்ளியின் முதல் இந்திய முதல்வரும் அவரே. 1959இல் மெரினாவில் நிறுவப்பட்ட நாள் முதல் அதற்குக் கதவும் இல்லை, நேரமும் இல்லை. வேலை முடிந்து காற்று வாங்க வந்தவர்கள் அதன் அருகே நின்று, அந்த மனிதர்களின் முதுகுத் தசையையும் ஊன்றிய காலையும் பார்த்துப் பார்த்தே அதைத் தம்முடையதாக்கிக்கொண்டார்கள். ராய் சௌத்ரிக்குப் பின் அதே கலைப் பள்ளிக்கு முதல்வராக வந்த கே.சி.எஸ். பணிக்கரையும், சிற்பி தனபாலையும், ஓவியர்கள் சந்தானராஜையும் ஆதிமூலத்தையும் அந்த ஆட்டோ ஓட்டுநருக்குத் தெரியாது என்றால் அதற்குக் காரணம் அவருடைய ரசனைக் குறைவு அல்ல. அந்தக் கலைஞர்களின் படைப்புகள் அவர் வேலையில் இருக்கும் நேரத்தில் மட்டுமே திறந்திருக்கும் சுவர்களுக்குள் இருக்கின்றன.

கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது, உடன் வந்து சொல்ல ஒருவர் வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குப் பணிக்கரையே சான்றாகக் காட்டலாம். 1963இல் அவர் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' என்ற ஓவிய வரிசையில், பஞ்சாங்கக் கட்டங்கள் போலவும் ஜாதகக் குறிப்புகள் போலவும் கோடுகளும், நெருக்கமாக எழுதிய வரிகளும், இடையிடையே மீன், பறவை போன்ற சிறு உருவங்களும் வரும். முதன்முதலாகப் பார்க்கிற நம்மவர்கள் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள்: கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்த எழுத்தைப் படிக்கப் பார்ப்பார்கள். படிக்க முடியாது, ஏனென்றால் அது எந்த மொழியும் அல்ல. அந்த இடத்தில் ஏமாற்றத்தோடு நகர்ந்துவிடுகிறவர் ஒருபோதும் திரும்பி வருவதில்லை. ஒரு மாணவரின் குறிப்பேட்டில் நிறைந்திருந்த எண்களையும் கணிதக் குறியீடுகளையும் பார்த்த கணத்தில் பணிக்கருக்கு இந்த எண்ணம் பிறந்தது என்பதையும், மேற்கத்திய ஓவிய முறையில் பயிற்சி பெற்ற ஒரு கலைஞர் நம் ஊர் எழுத்தின் வடிவத்தைக் கொண்டே ஓர் ஓவிய மொழியை உண்டாக்க முனைந்தார் என்பதையும் அந்த நேரத்தில் ஒருவர் இரண்டு நிமிடம் சொன்னால் போதும், பார்வையாளர் அங்கேயே நின்றுவிடுவார். 1966இல் பணிக்கரும் அவருடைய மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியபோது, மெழுகு பூசிச் சாயமேற்றும் பாட்டிக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று அந்தப் பணத்தில் தங்களுக்கு நிலமும் வீடும் தேடிக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால், கைத்தொழில் செய்து பிழைக்கும் பார்வையாளர் அந்தக் கலைஞர்களைத் தம் இனத்தவராகவே எண்ணுவார்.

கடந்த ஆண்டு நகரிலுள்ள தனியார் கலைக்கூடம் ஒன்றில், வழக்கமான நேரம் முடிந்த பிறகு, விளக்கவுரையுடன் ஒரு கண்காட்சியைச் சுற்றிக் காட்டினார்கள். என் பழைய மாணவி ஒருத்தியின் தாயாரையும் உடன் அழைத்துச் சென்றேன். அவர் ஏற்றுமதி ஆடை தைக்கும் கூடமொன்றில் பல ஆண்டுகளாக வேலை செய்பவர். விளக்கம் சொன்ன இளம்பெண் நன்கு கற்றவர், அன்பானவர், ஆனால் ஆங்கிலத்திலேயே பேசினார். அந்த அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு குழுவின் கடைசியில் நின்றார். சுவரளவு பெரிதாகத் துணித் துண்டுகளை இணைத்துச் செய்யப்பட்ட ஒரு படைப்பின் முன்னால் வந்தபோது, தமிழிலும் சொல்ல முடியுமா என்று கேட்டேன். அந்தப் பெண் தயங்காமல் தமிழுக்கு மாறினார். உடனே அந்த அம்மா முன்னால் வந்து, துணியைத் தொடாமல் விரலால் மட்டும் சுட்டிக் காட்டி, "இது எல்லாமே உள்பக்கம், ஓவர்லாக் அடிச்ச பக்கத்தை வெளியே திருப்பி வச்சிருக்காங்க. இங்கே பாருங்க, நூல் மாத்தியிருக்காங்க, இது ரெண்டு பேர் கை" என்றார். விளக்கம் சொன்ன பெண் அதை அதுவரை கவனித்திருக்கவில்லை. தைப்பவரின் உழைப்பு ஆடையின் உட்புறத்தில்தான் மறைந்து கிடக்கிறது, அதைக் கலைஞர் வெளியே திருப்பிக் காட்டுகிறார் என்பதைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் அந்த அம்மாவின் வாயால் அறிந்துகொண்டோம். அடுத்த அறைக்குப் போக அவருக்கு மனமே வரவில்லை.

சமகாலக் கலைஞர்கள் இன்று துணியையும் இரும்புத் தகட்டையும் மீன்வலையையும் செங்கல்லையும் பழைய ரசீதுகளையும் கொண்டு படைக்கிறார்கள். இந்தப் பொருள்களையெல்லாம் கையால் அறிந்தவர்கள் யார்? அவர்கள் வர முடியாத நேரத்தில், அவர்கள் பேசாத மொழியில் இந்தக் கலையைக் காட்சிக்கு வைத்துவிட்டு, மக்களுக்கு இது புரியாது என்று முடிவு கட்டுவது நியாயமாகாது. ஆகையால் மாலைப் பார்வையின் விளக்கம் முதலில் தமிழில் இருக்க வேண்டும் என்பதில் எந்த விட்டுக்கொடுப்பும் கூடாது என்று கருதுகிறேன். பிற மொழியினருக்குத் தனிக் குழு அமைப்பதில் எனக்கு மறுப்பில்லை.

உழைக்கும் மக்களுக்காக அருங்காட்சியகத்தை இரவில் திறப்பது என்ற எண்ணம் ஏறத்தாழ 170 ஆண்டுகள் பழமையானது. இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் எனப்படும் லண்டனின் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் 1857இல் திறக்கப்பட்டபோது, பகலில் வர முடியாத தொழிலாளர்கள் மாலையில் வந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே அதன் கூடங்களில் எரிவாயு விளக்குகள் பொருத்தப்பட்டன. அதன் இயக்குநர் ஹென்றி கோல், மாலையில் திறந்திருக்கும் அருங்காட்சியகம் சாராயக் கடைக்கு மாற்றாக அமையும் என்று நம்பினார். நம் சென்னைக் கலைப் பள்ளி நெடுங்காலம் பின்பற்றிய பாடமுறை அந்த சவுத் கென்சிங்டனிலிருந்து வந்ததுதான். பாடமுறையை எடுத்துக்கொண்ட நாம் விளக்கை எடுத்துக்கொள்ளவில்லை. நம் மாநிலத்தில் அரசு மதுக்கடைகள் இரவு 10 மணி வரை திறந்திருக்க, அரசின் கலைக்கூடம் 5 மணிக்கே பூட்டப்படுவது எனக்கு ஆழ்ந்த வருத்தத்தைத் தருகிறது.

பெர்லின் நகரம் 1997இல் 'அருங்காட்சியகங்களின் நெடிய இரவு' என்ற பெயரில் ஒரே நுழைவுச்சீட்டில் பல அருங்காட்சியகங்களை நள்ளிரவு தாண்டியும் திறந்து வைத்தது. பின்னர் ஐரோப்பாவின் பல நகரங்கள் அதைப் பின்பற்றின. அது சிறப்பான முயற்சிதான். ஆனாலும் நமக்கு வேண்டியது ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பெருவிழா அல்ல என்று நினைக்கிறேன். பெருங்கூட்டம் கூடும் ஓர் இரவில் ஓவியத்தின் முன்னால் நிற்க இடம் கிடைக்காது. செய்தியில் படம் வரும், அடுத்த நாள் எல்லாம் பழையபடி ஆகிவிடும். இசைக் கச்சேரி, உணவுக் கடைகள், தற்படம் எடுக்கும் மேடை ஆகியவற்றைச் சேர்த்துக் கவர்ச்சியூட்ட வேண்டும் என்ற ஆலோசனை வந்தால் துறை அதை ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மாதந்தோறும் தவறாமல் நடக்கும் ஓர் எளிய மாலையே பழக்கமாக வேரூன்றும்.

படைப்புகளுக்கு வெளிச்சத்தால் கேடு வரும் என்ற அச்சம் நியாயமானது, அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். நீர்வண்ணம், தாள், துணி ஆகியவற்றால் ஆன படைப்புகளுக்கு ஏறத்தாழ 50 லக்ஸ் (லக்ஸ் என்பது ஒளியை அளக்கும் அலகு), எண்ணெய் வண்ண ஓவியங்களுக்கு ஏறத்தாழ 200 லக்ஸ் என்பது அருங்காட்சியகங்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் அளவு. வண்ணம் மங்குவது ஒளியின் அளவை மட்டும் அல்லாமல், அது படும் மொத்த நேரத்தையும் பொறுத்தது. நாள்தோறும் ஏழரை மணி நேரம் திறந்திருக்கும் கூடத்தில் மாதத்திற்கு இரண்டு மணி நேரம் கூடுவதால் ஏற்படும் மிகுதி மிகச் சிறியது. அதையும் தவிர்க்க வேண்டுமானால், குழு நிற்கும் படைப்பின் விளக்கை மட்டும் ஏற்றி மற்றவற்றை அணைத்து வைக்கலாம். சன்னல் வழியே வரும் வெயிலின் புறஊதாக் கதிர் மாலையில் இல்லை என்பதும் ஒரு நன்மையே. கூட்ட மூச்சால் ஈரப்பதம் ஏறும் என்ற கவலைக்கு, ஒரு குழுவில் பதினைந்து பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது என்ற விதியே பதிலாகும்.

ஊழியர்களின் நலனையும் மறந்துவிடக் கூடாது. காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கும் காவல் பணியாளரை மிகைநேர ஊதியம் இல்லாமல் இரவு வரை நிறுத்தி வைத்து நடத்தப்படும் எந்தக் கலை நிகழ்ச்சியையும் நான் ஆதரிக்க மாட்டேன். அருங்காட்சியகத்திற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் வியாழக்கிழமை மாலையைத் தேர்ந்தெடுத்தால், கூடுதலாகப் பணி செய்தவர்களுக்கு மறுநாள் ஓய்வு கிடைக்கும். மற்றக் கூடங்களைப் பூட்டிவிட்டு இந்த ஒரு கூடத்தை மட்டும் திறப்பதால் தேவைப்படும் ஆட்களும் குறைவே.

எடுத்துச் சொல்வதற்கு ஆள் எங்கே என்ற கேள்விக்கு விடை மிக அருகிலேயே இருக்கிறது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப் பள்ளியின் வழிவந்த அரசு கவின் கலைக் கல்லூரி, எழும்பூரை ஒட்டிய பெரியமேட்டில்தான் உள்ளது. அதன் இறுதியாண்டு மாணவர்களுக்குக் காப்பாட்சியர்கள் சில வாரங்கள் பயிற்சி அளித்து, ஒவ்வொரு மாலைக்கும் உரிய மதிப்பூதியம் கொடுத்து இந்தப் பொறுப்பை ஒப்படைக்கலாம். கொச்சி முசிறி பினாலே என்ற சமகாலக் கலைக் கண்காட்சியில் கலை இடையீட்டாளர்கள் என்ற பெயரில் இளைஞர்கள் பார்வையாளர்களோடு பேசிப் பேசியே படைப்புகளை நெருங்க வைப்பதை, அங்கே சென்று வந்த தமிழர்கள் அறிவார்கள். 2012இல் அந்த பினாலே தொடங்கிய பிறகு, ஃபோர்ட் கொச்சியின் சாதாரணக் குடும்பங்களும் பழைய கிடங்குகளுக்குள் வந்து சமகாலக் கலையைப் பார்க்கத் தொடங்கினார்கள். சென்னை மக்கள் அவர்களுக்கு எந்த வகையிலும் குறைந்தவர்கள் அல்லர்.

பயிற்சியில் ஒன்றை மட்டும் வலியுறுத்த வேண்டும் என்பது ஓர் ஆசிரியராக என் வேண்டுகோள். ஒரு மணி நேரத்தில் நான்கைந்து படைப்புகளுக்கு மேல் காட்டக் கூடாது. ஒவ்வொன்றின் முன்னாலும் முதலில் சிறிது நேரம் எல்லோரும் சும்மா பார்க்கட்டும். பிறகு என்ன தெரிகிறது என்று வழிகாட்டி கேட்கட்டும். அதன் பிறகே கலைஞரின் பெயர், காலம், செய்முறை, பின்னணி ஆகியவற்றைச் சொல்லட்டும். முதலிலேயே பொருள் சொல்லிவிட்டால் பார்வையாளர் ஓவியத்தை விட்டுவிட்டு வழிகாட்டியின் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். வகுப்பறையில் என் கண்ணெதிரே நடப்பதைக் கண்டுதான் இதைச் சொல்கிறேன். நிற்க முடியாத முதியவர்களுக்கு மடக்கு நாற்காலிகள் சிலவற்றை உடன் எடுத்துச் செல்வதும் இன்றியமையாதது.

காட்சிக்கு வைப்பதிலும் ஒரு மாற்றம் தேவைப்படும். ஒரே படைப்புகளை ஆண்டுக்கணக்கில் அதே ஆணியில் தொங்கவிட்டால் மாதந்தோறும் வருகிறவருக்குப் புதிதாக எதுவும் இராது. கிரீம்ஸ் சாலையிலுள்ள லலித் கலா அகாதெமியின் மண்டல மையத்தோடும் சோழமண்டலத்தோடும் பேசி, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை சில படைப்புகளை இரவலாகப் பெற்றுச் சிறு கண்காட்சிகள் அமைத்தால், மாலைக் குழுக்களுக்கும் பகலில் வருகிற பள்ளி மாணவர்களுக்கும் அது ஒருசேரப் பயன்படும். இன்று இந்த ஊரில் பணியாற்றிக்கொண்டிருக்கும் இளம் கலைஞர்களின் படைப்புகளுக்கும் அதில் இடம் வேண்டும். சமகாலக் கலைக்கூடத்தில் இப்போது வாழ்கிறவர்களின் கை தெரிய வேண்டாமா? படைத்தவரே ஒரு மாலை வந்து தம் படைப்பின் அருகே நின்றால் அதைவிடச் சிறந்த விளக்கம் வேறில்லை.

முன்பதிவை இணையத்தில் மட்டும் வைத்துவிட வேண்டாம் என்பதையும் தனியே குறிப்பிட வேண்டியிருக்கிறது. இணையத்தில் மட்டும் பதிவு நடந்தால் ஏற்கெனவே கலைக்கூடங்களுக்குச் சென்று பழகியவர்களே எல்லா இடங்களையும் முதல் ஐந்து நிமிடங்களில் நிரப்பிவிடுவார்கள். பாதி இடங்களை நுழைவுச்சீட்டு வழங்கும் சாளரத்திலேயே நேரில் வருகிறவர்களுக்கு ஒதுக்கலாம். தொழிற்சங்கங்கள், மகளிர் சுய உதவிக் குழுக்கள், அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் ஆகியவற்றுக்குக் கடிதம் எழுதி அழைக்கலாம். அழைப்பு தமிழில், தேதியும் நேரமும் இறங்க வேண்டிய பேருந்து நிறுத்தமும் தெளிவாக எழுதப்பட்டதாக இருந்தால் வருவார்கள். நான் பணியாற்றிய பள்ளியின் பெற்றோரைத் திரட்டி அழைத்து வரும் பொறுப்பை ஏற்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

ஆண்டுதோறும் மே 18ஆம் நாள் உலக அருங்காட்சியக நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்த வாரத்து வியாழக்கிழமை மாலை 6 மணிக்கு முதல் குழுவை உள்ளே அழைத்து இதைத் தொடங்குமாறும், ஆறு மாதம் நடத்திப் பார்த்து வருகிறவர்களின் கருத்தைக் கேட்டறிந்த பிறகு மதுரை, திருச்சி, கும்பகோணம் போன்ற ஊர்களுக்கும் இதை விரிவுபடுத்துவது பற்றி முடிவு செய்யுமாறும் துறையைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
வடசென்னை.